கறுப்புக் கம்பி மஞ்சளான கதை

பழைய அமெரிக்கக் கார்களின் கண்காட்சிப் படங்களை எங்கேனும் புரட்டியிருப்பீர்கள். அங்கே கார்கள் வாயைத் திறந்தபடிதான் நிற்கும். பானெட் என்னும் முன்மூடி தூக்கி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே குரோமியப் பூச்சில் முகம் பார்க்கலாம். அந்த வெள்ளிப் பளபளப்புக்கு நடுவிலிருந்து எட்டுக் கம்பிகள் கிளம்பி, பக்கத்துக்கு நான்காகப் பிரிந்து, எஞ்சினின் இரு விலாக்களிலும் இறங்கும். அவை மஞ்சளாகவோ, நீலமாகவோ, செக்கச் செவேலென்றோ இருக்கும். பார்ப்பவர் கண் முதலில் விழுவது அவற்றின் மேல்தான். கலைச்சொல் அகராதி பார்த்து எழுதினால் 'தீப்பொறிச் செருகிக் கம்பி' என்று எழுத வேண்டும். பட்டறையில் கேட்டால் 'பிளக் ஒயர்' என்பார்கள். நாம் இக்கட்டுரையில் பிளக் கம்பி என்று இரண்டுக்கும் நடுவே நின்றுகொள்வோம்.

அதன் நிறத்தை மாற்றுவதால் எஞ்சினுக்கு அரைக் குதிரைத்திறன்கூடக் கூடுவதில்லை. மெய்யான பந்தயக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. உள்ளே ஒன்றுமில்லாதவன் வெளியே பூசிக்கொள்கிறான் என்பது அச்சிரிப்பின் பொருள். ஒரு பாதி உண்மைதான். ஆனால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது, ஏன் அதற்கு முன் வரவில்லை என்று பின்னோக்கித் தேடிச் செல்லும்போது, ஒப்பனை என்று ஒதுக்கப்பட்ட பொருளுக்குள் ஒரு நூற்றாண்டின் பொறியியலும் ஒரு தலைமுறை இளைஞர்களின் மானப் பிரச்சினையும் சுருண்டு கிடப்பதைக் காண்கிறோம்.

முதலில் அந்தக் கம்பியின் வேலையைத் தெரிந்துகொள்வோம். 1902ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ராபர்ட் போஷின் பட்டறையில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் என்பவர் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிக் காட்டினார். சிலிண்டருக்குள் இரு முனைகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளியை மின்சாரம் தாண்டிக் குதிக்க வேண்டும். குதிக்கும்போது பிறக்கும் பொறிதான் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் மின்கலத்தைக்கொண்டு இயங்கும் முறையை வகுத்தார். அதன்படி ஒரே ஒரு காயில் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தும். டிஸ்ட்ரிப்யூட்டர் அதை முறைவைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தளிக்கும். பகிர்ந்ததைக் கொண்டுசேர்க்கும் தூதுவன் பிளக் கம்பி.

தூதுவனுக்கு எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை ஒரு சிலிண்டருக்குப் பொறி வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுழற்சி ஓடும் எஞ்சினில் ஒரு கம்பி வினாடிக்கு 50 முறை இந்த அழுத்தத்தைச் சுமக்கிறது. எட்டுக் கம்பிகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 400. அதுவும் எங்கே? பக்கத்தில் கொதிக்கும் புகைக்குழாய், மேலே சிந்தும் எண்ணெய், மழைநாளில் ஈரம், எந்நேரமும் நடுக்கம். இவை போதாவென்று தனக்குத்தானே ஒரு பகையையும் கம்பி ஈன்றெடுத்தது. உயர் மின்னழுத்தம் சுற்றிலுமுள்ள காற்றை ஓசோனாக்குகிறது. ஓசோன் ரப்பரைத் தின்று வெடிக்க வைக்கிறது. ஆகவே பழைய கம்பிகளில் ரப்பருக்கு மேல் பருத்தி நூலைப் பின்னி, அதன்மேல் அரக்குப் பூச்சுப் பூசினார்கள். ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் 1890ஆம் ஆண்டு மின்பொருள் தொழிற்சாலை தொடங்கிய பேக்கார்ட் சகோதரர்களின் நிறுவனம் இத்தகைய கம்பிகளில் பெரும் பெயர் பெற்றது. அவர்கள் பெயரில் வந்த சொகுசுக் காரைப் பலர் அறிவர். கார் மறைந்த பின்னும் அவர்கள் பெயர் கம்பியின் உறையில் நெடுங்காலம் அச்சாகிக்கொண்டிருந்தது என்பதைச் சிலரே அறிவர். கம்பித் தொழிற்சாலையை 1932ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது.

இக்காலத்தில் கம்பியை அழகுபடுத்துவது என்றால் அதை மறைப்பது என்று பொருள். 1930ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க்கில் அறிமுகமான பதினாறு சிலிண்டர் காடிலாக்கை நோக்கினால் இது விளங்கும். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் தலைமையில் 1927ஆம் ஆண்டு அமைந்த பிரிவின் பெயரே 'கலையும் வண்ணமும்' என்பது. பொறியாளர்கள் மட்டுமே உலாவிய எஞ்சின் அறைக்குள் அலங்காரக் கலைஞர்கள் புகுந்த தொடக்க நிகழ்வுகளில் அந்தக் கார் ஒன்று. எனாமலும் குரோமியமும் மெருகேற்றிய அலுமினியமுமாக எஞ்சின் ஓர் அணிகலப்பேழைபோல் திகழ்ந்தது. கம்பிகளையும் குழாய்களையும் இயன்றவரை மூடிகளுக்குள் ஒளித்திருந்தார்கள். செல்வர் வீட்டில் விருந்து மண்டபம் தெரியும், அடுக்களை தெரியாது அல்லவா? அதே நாகரிகம்தான்.

ஏழைகளின் காரான ஃபோர்டு, தன் வழியில் சிக்கனமாக இருந்தது. 1927 முதல் 1931 வரை வந்த 'ஏ' மாதிரியில் பிளக்குக்குக் கம்பியே கிடையாது. டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து பிளக் தலைக்கு வெறும் தட்டையான உலோகப் பட்டைகளை மடக்கி மாட்டிவிட்டார்கள். எஞ்சின் ஓடும்போது கை வைத்தவர் மறு முறை வைத்திருக்க மாட்டார். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு தன் வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது கம்பிகள் வந்தன. அவையும் உலோகக் குழாய்களுக்குள் அடங்கியே சென்றன.

அந்த எளிய ஃபோர்டு வி-8தான் நம் கதையின் திருப்பம். பழைய ஃபோர்டு ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி, மட்காப்புத் தகடுகளைக் கழற்றி, மூடியைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினில் கைவரிசை காட்டி வேகம் கூட்டும் பழக்கம் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞரிடையே 1930களில் வேரூன்றியது. முரோக் என்ற வறண்ட ஏரிப்படுகை அவர்களுக்கு வாய்த்த களம்; கண்ணுக்கெட்டிய தூரம் ஓடு போன்ற இறுகிய மண். 1937ஆம் ஆண்டு அவர்களின் குழுக்கள் கூடித் தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. வேகத்தை முறையாக அளந்து பதிவு செய்வது சங்கத்தின் பணி. போர் வந்தது, போயிற்று. விமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் உலோக வேலை கற்றுத் தேர்ந்த கைகள் பல ஊர் திரும்பின. வண்டிகள் பெருகின. அவற்றுக்கு 'ஹாட் ராட்' என்ற பெயரும் நிலைத்தது.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். எடை குறைக்கவும் வெப்பம் வெளியேறவும் மூடியைக் கழற்றியதால் எஞ்சின் வெளியே தெரியத் தொடங்கியது. திட்டமிட்ட அலங்காரம் அன்று அது. ஆனால் தெரிந்த பிறகு சும்மா விட மனித மனம் ஒப்புவதில்லை. விக் எடெல்பிராக் போன்ற உதிரிபாகக் கைவினைஞர்கள் வார்த்த அலுமினிய சிலிண்டர் தலைகள் வந்தன. அவற்றில் வெப்பம் தணிக்கும் வரிவரியான இறகுகள், நடுவே வார்த்தவரின் பெயர். அதைத் துடைத்து மெருகிட்டவர், தன் எஞ்சினில் என்ன மாற்றம் செய்திருக்கிறது என்பதை வழியோடு போகிறவருக்கும் அறிவித்தவரானார். மாற்றிய இடத்தில் மினுக்கு, மாற்றாத இடத்தில் எளிய வண்ணம் என்பதே தொடக்ககால இலக்கணம். காடிலாக் மறைத்ததை இவர்கள் காட்டினார்கள்.

காட்டியதில் ஒரு வழக்கும் அடங்கியிருந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹாட் ராட் என்றால் தெருவில் உயிரெடுக்கும் பொறுப்பற்ற பையன்களின் வண்டி என்று நாளேடுகள் எழுதின, காவல்துறை துரத்தியது, சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதற்கு விடையாக 1948ஆம் ஆண்டு சனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் படைக்கலச் சாலை மண்டபத்தில் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. அழுக்கும் எண்ணெயும் வழியும் வண்டிகளை எதிர்பார்த்து வந்த பெற்றோரும் அலுவலரும், துடைத்து வைத்த வெள்ளிப்பாத்திரம்போல் நின்ற எஞ்சின்களைக் கண்டார்கள். ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய 'ஹாட் ராட்' மாத இதழின் முதல் படிகள் விற்பனைக்கு வந்ததும் அங்கேதான். பளபளப்பு அன்று ஒரு நற்சான்றிதழ். இவ்வளவு துப்புரவாக எஞ்சினை வைத்திருப்பவன் தறுதலையாக இருக்க முடியுமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. 1951ஆம் ஆண்டு வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியபோது இதே வழக்கைப் பாதுகாப்பு விதிகளாகவும் முறையான பந்தயத் தடங்களாகவும் நாடு முழுவதும் கொண்டு சென்றார்.

1950ஆம் ஆண்டு ஓக்லந்து கண்காட்சியில் அமெரிக்காவின் அழகிய ரோட்ஸ்டருக்கான பெருங்கோப்பை முதன்முறையாக வழங்கப்பட்டது. பில் நீகாம்ப் என்பவரின் 1929ஆம் ஆண்டு ஃபோர்டுக்கு அது கிடைத்தது. அந்த வண்டி பின்னர் எல் மிராஜ் ஏரிப்படுகையில் மணிக்கு 140 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியும் காட்டியது. அழகும் வேகமும் ஒரே வண்டியில் குடியிருந்த காலம் அது. பிரிவினை பிறகுதான் வந்தது. கண்காட்சிக்கென்றே கட்டப்பட்டு, பாரவண்டியில் ஏறி வந்து, கயிற்றுக்குப் பின்னால் நின்று, மறுபடி பாரவண்டியில் ஏறிப்போகும் கார்கள் அடுத்த பத்தாண்டில் பெருகின. 1963ஆம் ஆண்டு டாம் உல்ஃப் என்ற இளம் எழுத்தாளர் எஸ்கொயர் இதழுக்காகக் கலிபோர்னியா சென்று இவ்வுலகைக் கண்டு திகைத்துத் திரும்பினார். கட்டுரை எழுத வராமல், குறிப்புகளையாவது அனுப்புகிறேன் என்று இதழாசிரியருக்கு இரவோடிரவாக ஒரு நெடுங்கடிதம் எழுதினார். ஆசிரியர் விளிச்சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கடிதத்தையே கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்க உரைநடையில் புதிய இதழியல் எனப்படும் போக்குக்கு வழிதிறந்த எழுத்துகளில் அது ஒன்று என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பையன்களைச் சிற்பிகளாகவே கருதிப் பேச ஒருவர் துணிந்தார் என்பதே நமக்கு இங்கு முக்கியம்.

இவ்வளவுக்கும் நடுவே பிளக் கம்பி பெரும்பாலும் கறுப்பாகவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. சுற்றிலும் குரோமியம், நடுவில் எட்டுக் கறுப்புக் கயிறு. காரணம் அலட்சியமன்று, பொருள். பருத்திப் பின்னலுக்குப் பின் வந்த நியோபிரீன் போன்ற செயற்கை ரப்பர்கள் எண்ணெயையும் ஓசோனையும் நன்கு தாங்கின. ஆனால் அவற்றுக்கு வலுவூட்டக் கலப்பது கரித்தூள். கரி கலந்தால் கறுப்பு. 1955ஆம் ஆண்டு செவ்ரலே தன் சிறிய வி-8 எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம் தீட்டியது. ஃபோர்டு 1966 முதல் தன் எஞ்சின்களுக்கு ஒரே நீலத்தை வரித்துக்கொண்டது. இத்தாலியில் ஃபெராரி 1956ஆம் ஆண்டு தன் பந்தயக் கார் ஒன்றின் எஞ்சின் மூடிக்குச் சிவப்பு அடித்து, அதனாலேயே காருக்குச் 'செந்தலை' என்று பொருள்படும் டெஸ்டா ரோசா என்ற பெயரைச் சூட்டியது. இரும்புக்கு வண்ணம் அடிக்கலாம். வளைந்து, சூடேறி, குளிர்ந்து, நடுங்கும் கம்பிக்கு அடித்த வண்ணம் உதிர்ந்துபோகும்.

கம்பிக்கு உள்ளேயும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பொறி தெறிக்கும்போதெல்லாம் உலோகக் கம்பி ஒரு சிறு வானொலி நிலையம்போல் இரைச்சலை ஒலிபரப்பும். வீடுகளில் தொலைக்காட்சியும் கார்களில் வானொலியும் பெருகிய 1950களில் இது பெருந்தொல்லை ஆயிற்று. எனவே தொழிற்சாலைகள் உலோக நடுவத்தை விடுத்து, கரி ஊட்டிய இழையை நடுவமாகக் கொண்ட தடைக்கம்பிக்கு மாறின. கண்ணாடியிழை உடல் கொண்ட கார்வெட்டில் இரைச்சலைத் தடுக்க இரும்புத் தகடு இல்லை. ஆகவே வானொலி பொருத்திய கார்வெட்டுகளில் டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் கம்பிகளுக்கும் பளபளக்கும் உலோகக் கவசமே அணிவித்தார்கள். பந்தயக்காரர்களோ வானொலி கேட்பவர்கள் அல்லர். அவர்கள் தடைக்கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு உலோக நடுவம் கொண்ட கம்பியை மாட்டினார்கள். தொழிற்சாலைக் கம்பி, மாற்றுக் கம்பி என்ற வேறுபாடு இவ்வாறு தோன்றிவிட்டது. அதை வெளியே காட்ட ஒரு நிறம் இல்லை என்பது மட்டுமே குறை.

குறையைத் தீர்த்தது சிலிக்கோன் ரப்பர். இதன் முன்கதை நமக்கு மிகவும் பிடித்தமானது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய டௌ கார்னிங் நிறுவனத்தின் முதல் சரக்கு, போர் விமானங்களின் பொறியமைப்பில் பூசும் ஒரு பசை. மிக உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் மின்சாரம் பிளக்கைச் சென்றடையாமல் வழியிலேயே கசிந்து ஒளிரும்; எஞ்சின் திணறும். ஈரமும் சேர்ந்துகொள்ளும். சிலிக்கோன் பசை அந்தக் கசிவை அடைத்தது. ஆக, சிலிக்கோன் என்ற பொருள் வணிக உலகில் அடியெடுத்து வைத்ததே பிளக் கம்பியின் நோய்க்கு மருந்தாகத்தான். கால் நூற்றாண்டு கழித்து அது மருந்தாக இராமல் தோலாகவே ஆகிவிட்டது. சிலிக்கோன் ரப்பர் இருநூறு டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கும், ஓசோனுக்கு அஞ்சாது, வலுவூட்ட அதற்குக் கரி வேண்டியதில்லை, வெண்ணிறச் சிலிக்காத் தூளே போதும். இயல்பில் அது பால்போல் மங்கிய ஒளிபுகும் பொருள். எந்த நிறமியைக் கலந்தாலும் அந்த நிறத்தை ஏற்கும், அதுவும் மேலே பூசிய பூச்சாக அன்றி உடல் முழுதும்.

நிறம் வந்த வழி இதுதான். யாரும் அழகுக்காக அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெப்பத்தைத் தாங்க ஒரு பொருளைத் தேடினார்கள், கறுப்பாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லாமற் போயிற்று. 1975ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கெல்லாம் உயர் ஆற்றல் பொறியமைப்பைப் பொதுவாக்கியபோது, கூடிய மின்னழுத்தத்துக்காக ஏழு மில்லிமீட்டர் கம்பியை எட்டு மில்லிமீட்டராகப் பருக்க வைத்துச் சிலிக்கோன் உறை கொடுத்தது. எந்த நிறத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம் கையிலிருந்தும் அது தேர்ந்தது சாம்பல் நிறம். பெரிய நிறுவனங்களின் கற்பனை அத்தகையது! உதிரிபாகச் சிறு நிறுவனங்கள் அந்த வரத்தை வீணாக்கவில்லை. ஆக்செல் மஞ்சளை எடுத்துக்கொண்டது, மொரோசோ நீலத்தை, எம்எஸ்டி சிவப்பை. எட்டு அடி தொலைவில் நின்று பார்ப்பவர்கூட எவர் கம்பி என்று சொல்லிவிடலாம். பெயரை வார்த்த எடெல்பிராக்கின் அலுமினியத் தலை எதைச் செய்ததோ அதை இப்போது நிறம் செய்தது.

ஒரு வேறுபாடு உண்டு, கேலி பிறந்தது அதனால்தான். அலுமினியத் தலை வாங்கப் பணம் வேண்டும், மாட்டத் திறமை வேண்டும், மாட்டினால் வேகமும் கூடும். கம்பிக்கு ஒரு சிறு தொகையும் ஒரு பிற்பகலும் போதும். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் ஒன்றை அளந்து, அதே இடத்தில் மாட்டி, அடுத்ததற்குப் போனால் போதுமானது. கேம்ஷாஃப்ட் மாற்ற வசதியில்லாத பள்ளிப்பையனுக்கு அந்த உலகத்தின் வாசலில் கால் வைக்கக் கிடைத்த மலிவான நுழைவுச்சீட்டு இந்த மஞ்சள் கம்பி. செய்த வேலைக்குச் சான்றாகத் தொடங்கிய மினுக்கு, செய்ய விரும்பும் வேலைக்கு முன்பணம்போல் மாறியது. அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எண்ணிப் பார்த்தால், பெரிய எஞ்சின்களைக் கட்டிய கைகளும் எங்கோ ஓரிடத்தில் இத்தகைய ஒரு சின்ன வேலையைச் செய்துதான் பயின்றிருக்கும்.

எனினும் கம்பி அலங்காரத்தில் மெய்யாகவே தண்டனைக்குரிய ஒரு பிழை உண்டு. அதற்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. அது ஒழுங்கு.

நிறம் வந்தபின் கம்பிகள் கண்ணில் பட்டன. கண்ணில் பட்டதும் அவை தாறுமாறாகக் கிடப்பது உறுத்தியது. ஆகவே நான்கு கம்பிகளையும் வாரிச் சீவிய கூந்தல்போல் இணையாக, ஒட்டினாற்போல் அடுக்கிக் கட்டும் வழக்கம் பரவியது. பார்க்க மிக அழகு. ஆனால் செவ்ரலே வி-8 எஞ்சினின் பொறி வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2. இதில் ஐந்தும் ஏழும் அடுத்தடுத்துப் பற்றுபவை. ஐந்தாம் சிலிண்டரும் ஏழாம் சிலிண்டரும் அமைப்பிலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து உள்ளவை. இவ்விரண்டின் கம்பிகளை நெடுந்தூரம் இணையாக ஒட்டிப் படுக்கவைத்தால், ஐந்தில் பாயும் மின்துடிப்பு தூண்டல் விதிப்படி ஏழிலும் ஒரு துடிப்பை எழுப்பும். அந்நேரம் ஏழாம் சிலிண்டரில் பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது. வாயு முழுதும் நசுங்கவில்லை. நசுங்காத வாயுவில் பொறி தெறிக்கக் குறைந்த அழுத்தமே போதும். தூண்டலால் வந்த அந்தச் சிறு அழுத்தம் பொறியாகிவிடும். மேலேறும் பிஸ்டனின் தலைமேல், கால் சுழற்சிக்கு முன்னதாகவே, தீப்பிடிக்கும். எஞ்சின் உதறும், முழு விசையில் ஓடும்போதாயின் பிஸ்டனே உடையலாம். ஃபோர்டின் ஒரு வரிசையில் ஏழும் எட்டும் இவ்வாறு அமைந்தவை. நிறுவனங்களின் பழுதுநீக்கக் கையேடுகள் இக்கம்பிகளைப் பிரித்தே வைக்க வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லின. அனுபவமிக்க பந்தயக்காரர் அவற்றைக் குறுக்கே தாண்டவிட்டு, அல்லது நடுவே வேறு கம்பியை நுழைத்து, இடைவெளி விட்டுத்தான் கட்டுவார். அவருடைய எஞ்சின் சற்றுக் கலைந்தாற்போல் தோன்றும். அந்தக் கலைவு அறிவால் ஆனது. ஆகவே கண்காட்சியில் ஒரு கம்பிக் கட்டைப் பார்த்து இவர் ஓட்டுபவரா, நிறுத்தி வைப்பவரா என்று அறிய விரும்புவோர் நிறத்தைப் பார்க்க வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துப் பின்மூலையில் ஐந்தாவதும் ஏழாவதும் எப்படிப் போகின்றன என்று குனிந்து பார்க்கட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு திருச்சபையும் 1970களில் அமெரிக்காவில் எழுந்தது. அவர்கள் மீட்டமைப்போர். 1974ஆம் ஆண்டு தேசிய கார்வெட் மீட்டமைப்போர் சங்கம் அமைந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் நெறி. பேக்கார்ட் கம்பியின் கறுப்பு உறையில் அது தயாரான காலாண்டும் ஆண்டும் அச்சாகியிருக்கும். 1966ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கட்டிய காரில் அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டு அச்சு இருந்தால் நன்று. மஞ்சள் கம்பி இருந்தால் மதிப்பெண் போயிற்று. ஆனால் கம்பி அழியும் பொருள். அந்நாளைய கம்பி ஓடக்கூடிய நிலையில் எங்கே கிடைக்கும்? எனவே புதிதாகக் கறுப்புக் கம்பி செய்து, வாடிக்கையாளர் கேட்கும் பழைய தேதியை அதன்மேல் அச்சிட்டு விற்கும் தொழில் ஒன்று தோன்றியது. மஞ்சள் கம்பி மாட்டியவனை ஒப்பனைக்காரன் என்று எள்ளுவோர், அரை நூற்றாண்டுக்கு முந்தைய தேதியைத் தாங்கிய புதுக் கம்பியை என்னவென்று சொல்வார்கள்? இரண்டில் எது வேடம் என்ற கேள்விக்கு நம் விடை வாசகர் ஊகிக்கக் கூடியதே.

இப்போது கம்பியே போய்க்கொண்டிருக்கிறது. 1997ஆம் ஆண்டு வந்த கார்வெட்டின் புதிய எஞ்சினில் டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை. சிலிண்டருக்கு ஒரு காயிலாக எட்டுக் காயில்கள் எஞ்சின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ள, கம்பி சாண் நீளமாகச் சுருங்கிற்று. வேறு பல எஞ்சின்களில் காயில் பிளக்கின் தலைமேலேயே அமர்ந்துவிட, சாணும் இல்லாமற் போயிற்று. இந்த நவீனத்துக்கு ஒரு பாட்டன் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1908ஆம் ஆண்டின் ஃபோர்டு 'டி' மாதிரியில், மரப்பெட்டிகளுக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் இருந்தன. பெட்டி மரமாக இருந்தது, இன்று பிளாஸ்டிக், கொள்கை ஒன்றே. எஞ்சினுக்கு மேல் இன்று ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, அதில் நிறுவனத்தின் பெயரைப் பொறித்துவிடுகிறார்கள். 1930ஆம் ஆண்டின் காடிலாக் நாகரிகம் மலிவு விலையில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பழைய வண்டி வைத்திருப்போருக்காக வண்ணக் கம்பிகள் இன்னும் விற்பனையாகின்றன.

மின்சாரக் கார்களின் மூடியைத் திறந்தால் மீண்டும் தடித்த கம்பிகளைக் காணலாம். பல நூறு வோல்ட் சுமப்பவை, நிறம் ஆரஞ்சு. உறைபெட்டிக்கு வெளியே ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பிகளின் மேலுறை ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதி. விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறக்க வரும் தீயணைப்பு வீரருக்கு முதலில் கற்பிக்கப்படுவது அந்த ஆரஞ்சுக் கம்பியில் கத்தரியை வைக்காதே என்பதாகும். அதை நீலமாகவோ மஞ்சளாகவோ மாற்றி அழகு பார்க்க எவருக்கும் உரிமையில்லை.